மாலரின் துறக்கமும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

குஸ்தாவ் மாலரின் நான்காம் சிம்பொனி 1901இல் மியூனிக்கில் அரங்கேறியது. துறக்கத்தைக் குழந்தையின் பார்வையில் வருணிக்கும் நாட்டார் பாடலொன்றுடன் அது முடிவுறும். அடோர்னோ 1960இல் வெளியிட்ட மாலர் பற்றிய நூல், இத்துறக்கம் உழவர் வாழ்வின் சாயலில் அமைந்து, தான் மெய்யன்று என்பதைத் தானே உணர்த்துவதாகக் கொள்கிறது.

இவ்வாய்வைத் தமிழாக்குவோர்க்குச் சொல்தேர்வே முதற்சிக்கலாகும். 'ஹிம்மெல்' என்னும் ஜெர்மன் சொல் வானத்தையும் துறக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலம் இவற்றை இரு சொற்களாகப் பிரிக்கிறது. விவிலியத் தமிழின் 'பரதீசு' மதில் சூழ்ந்த இடம் எனப் பொருள்படும் பண்டைய ஈரானியச் சொல்லின் வழிவந்தது. 'வீடு' பற்றறுதலைச் சுட்டுவது. பாடலின் மையமோ காவலும் அன்று, துறவும் அன்று. காய்கறியும் மீனும் சமையலுமே. இதன் இணையாக மாலர் இசையமைத்த 'இவ்வுலக வாழ்வு' என்னும் பாடலில், உணவுக்குக் காத்திருந்து குழந்தை இறக்கிறது. ஆகவே, இத்துறக்கம் பசியின் மறுபக்கம் எனலாம்.

தமிழில் 'வான்' என்பது ஆகாயம், தேவருலகு, மழை ஆகிய மூன்றையும் தழுவும். உணவுக்கு மூலமான மழையையும் உட்கொண்டுள்ளமையின், 'வான்வாழ்வு' என்னும் ஆக்கமே ஏற்புடையது. சமயச் சொல்லொன்றை இட்டு நிரப்பின் பசி மறையும். பசி மறையின் அடோர்னோவின் வாதமும் வலுவிழக்கும்.