பங்களாவும் லயமும்

மலேசியாவின் கேமரன் மலையின் கட்டடக்கலை என்றதும் இரண்டு உருவங்கள் முன்னால் வருகின்றன. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் ஓடும் ஸ்மோக் ஹவுஸ் போன்ற 1930களின் ஆங்கிலேய வீடுகள் ஒன்று. சுங்கை பாலாஸில், கட்டடக் கலைஞர் ஹுவாட் லிம்மின் ஸெட்எல்ஜி நிறுவனம் போ தேயிலைக்கு வடிவமைத்த பார்வையாளர் மையம் மற்றொன்று. சரிவின் மேல் நீண்டு நிற்கும் அந்த மேடை அழகானது. அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் 1929இல் ஜே.ஏ. ரஸல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களில் மரம் வெட்டிச் செடி நட்டவர்களில் பெரும்பகுதியினரான தமிழர் குடியிருந்த லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, கட்டடக்கலை என்று யாரும் சொல்வதில்லை. அளவெடுத்து வரைபடமாக்கும் கையும் பெரும்பாலும் பங்களா வாசலோடு நின்றுவிடுகிறது.

இதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் அழகையும் வரலாற்றையும் மட்டுமல்ல, சமூக, பண்பாட்டுத் தொடர்பையும் அளவுகோலாக ஏற்கிறது. அந்தக் கணக்கில் லயத்துக்கும் தகுதி உண்டு. இன்னொரு பக்கம், 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் இடப்பரப்பு, தண்ணீர், கழிப்பறை என்று கணக்குக் கேட்கிறது. முதல் சட்டத்துக்குக் கட்டடம் முக்கியம், இரண்டாவதற்கு வசதி முக்கியம். வேலை நின்றால் வீடும் போய்விடும் என்ற தோட்டத்து நியதியை இரண்டுமே தொடவில்லை. நிலப்பட்டா இல்லாதவன் மரபின் பேரால் வாதாடினால் என்ன ஆகும் என்பதைப் பினாங்கின் கம்போங் புவா பாலா காட்டியது. பழைய தமிழர் குடியிருப்பு என்ற வாதம் எழுந்தும் 2009இல் அது இடிக்கப்பட்டது. ஆகவே, குடியிருப்பவரின் நில உரிமையை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் காப்பது காட்சிப்பொருள் சேகரிப்பே.

லயம் அடிமைத்தனத்தின் அடையாளம், அதை இடிப்பதுதான் நியாயம் என்பார்கள். அந்தக் கோபம் சரியானது; ஒண்டி அறையில் வளர்ந்தவர்களிடம் போய் அதன் அழகைப் பேசுவது கொடுமை. ஆனால் எல்லா லயத்தையும் காக்க வேண்டும் என்று யார் கேட்டது? இலங்கையில் கம்பளைக்கு அருகே, 2007இல் பழைய லயத்தில் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒரு வரிசை போதும். இலங்கையின் அதே மலைநாட்டில் இந்திய உதவித் திட்டம் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு என்று போகிறது. 2017இல் நோர்வூட்டில் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனாலும் லயத்தைக் காப்பதும் நிலம் தருவதும் ஒரே மலையில் நடக்கலாம் என்பதற்கு அது சான்று. நிலம் தராமல் அருங்காட்சியகம் மட்டும் திறந்தால் அது சுற்றுலாத் துறைக்கு இன்னொரு நுழைவுச்சீட்டு.

இன்று கேமரனில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேச, நேபாள, இந்தோனேசியத் தொழிலாளர். அப்படியானால் லயம் யாருடைய மரபு என்ற கேள்வியும் உண்டு. வந்தவர் மாறினாலும் வீடு வேலையோடு கட்டப்பட்டிருப்பது மாறவில்லை. அந்த ஏற்பாட்டின் வரலாறு தமிழரோடு முடிந்துவிடவில்லை, அவ்வளவுதான்.

கனமான மறுப்பு நிலத்தைப் பற்றியது. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கர் அணை நீர் திறக்கப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் உயிர்களும் போயின. பள்ளத்தாக்கிலும் ஆபத்து இருக்கும் இந்த மலையில் வீடு கட்டப் பத்திரமான சமதளம் குறைவு. தேயிலைச் சரிவைக் கண்டபடி வெட்டி மனை போட முடியாது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் பல பத்தாண்டுகளாகச் சரியாமல் நிற்கும் லயத்தடி அந்தக் குறைந்த சமதளத்தின் ஒரு பகுதிதானே. எந்த லயம் எந்த மண்ணில் நிற்கிறது, யார் எத்தனை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள் என்று தோட்டம் தோட்டமாக வரைபடம் எடுக்கும் வேலையிலிருந்து கட்டடக் கலைஞர்கள் தொடங்கலாம்.