தங்கியிருப்பவர்களின் விசுவாசம்: ‘கருக்கு’ – ஒரு மறுவாசிப்பு

“இம்புட்டுப் பேசுறீங்களே தோழர், பெறவு ஏன் ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறீங்க?” கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பங்குச் சாமியார் இதையே வேறு மாதிரிக் கேட்பார்: “கோயிலுக்குள்ள இருந்துக்கிட்டே கோயிலத் திட்டுறது விசுவாசமாப்பா?” இரண்டு கேள்விக்கும் அடியில் ஒரே கணக்குதான் இருக்கிறது. விசுவாசம் என்றால் கீழ்ப்படிதல். கீழ்ப்படிய முடியாதவர் வெளியே போக வேண்டியதுதான். இந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்கத்தான் பாமாவின் ‘கருக்கு’வை மறுபடி கையில் எடுத்தேன்.

1992இல் வந்த நூல் அது. அன்றிலிருந்து இரண்டு விதமாகவே அது வாசிக்கப்பட்டு வருகிறது. நம் தோழர்களுக்கு அது திருச்சபைக்குள் இருக்கும் சாதியைத் தோலுரித்த சாட்சியம். மடத்தை விட்டு வெளியேறிய ஒரு பெண்ணின் விடுதலைக் கதை. திருச்சபையில் பலருக்கோ அது சோறு போட்ட வீட்டைக் காட்டிக்கொடுத்த எழுத்து. முதல் வாசிப்பு நியாயமானது, ஆனால் பாதிதான். இரண்டாவது வாசிப்பே அல்ல. இரண்டு தரப்புமே அந்தப் பிரதியை ‘வெளியேற்றம்’ என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிட்டன.

பிரதி என்ன சொல்கிறது? சின்ன வயதில் பாவக்கணக்கு எழுதும் பிசாசைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பயமே பக்தியாகிறது. ஒவ்வொரு குற்றத்தையும் எண்ணி எண்ணிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற பிள்ளை, கோயில் பாடகர் குழுவில் தன் தெருக்காரர்களுக்கு ஏன் இடமில்லை, மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு ஏன் தனிக் கல்லறை என்று கேட்கக் கற்றுக்கொள்வதற்கு வெகுகாலம் ஆகிறது. மடத்துக்குள் போனது ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க. அங்கே கண்டது பணக்காரப் பிள்ளைகளின் பள்ளி. கடைசியில் பாமா வைக்கும் குற்றச்சாட்டு ‘எனக்கு வேதத்தைத் தந்தார்கள்’ என்பதல்ல, ‘பாதி வேதத்தைத்தான் தந்தார்கள்’ என்பது. இயேசுவின் பொறுமையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவருடைய கோபத்தை மறைத்துவிட்டார்கள். நூலின் தலைப்பே பனங்கருக்கையும் வேதாகமத்தின் இருபுறமும் கருக்குள்ள வாளையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. மிச்சப் பாதியையும் கொடு என்று கேட்பவரை விசுவாசமற்றவர் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே இந்த நூலில் இரண்டு விசுவாசங்கள் மோதிக்கொள்கின்றன. ஒன்று நிறுவனத்துக்கு, மற்றது செய்திக்கு. அமைதியான காலத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காலம் மாறும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும்.

அப்படி ஒரு மாற்றம் 1962–65 இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு வந்தது. லத்தீன் போய்த் தமிழ் வந்தது. முதுகைக் காட்டிப் பூசை வைத்த சாமியார் சனங்களைப் பார்த்துத் திரும்பினார். எங்க பாட்டி இதைச் சொல்லும்போது சிரிக்கும்: “சாமியாரு நம்மளப் பாத்துத் திரும்பிட்டாரு. ஊர்க்காரன் திரும்பலையே.” பீடம் திரும்பிய பிறகும் எங்கள் ஊர்ச் சப்பரம் எங்கள் தெருப்பக்கம் திரும்பவில்லை. அது ஊர்த் தெருவைச் சுற்றிக் கோயிலுக்கே போய்விடும். பாட்டி தெருமுனையில் மெழுகுதிரியோடு நின்று கும்பிட்டுவிட்டு வரும்.

சங்கத்துக்குப் பிறகு ‘பண்பாட்டுமயமாதல்’ என்று ஒன்றைப் பேசினார்கள். குத்துவிளக்கு வந்தது, ஆரத்தி வந்தது. குளித்தலைப் பக்கத்தில் 1950லேயே தொடங்கிய சாந்திவனம் போன்ற ஆசிரமங்களில் காவியும் சமஸ்கிருத மந்திரமும் ஏற்கெனவே வந்திருந்தன. இந்தியப் பண்பாடு என்று எதை எடுத்தார்கள் என்று பாருங்கள். நம் தெருவில் ஒலித்த எதையாவது எடுத்தார்களா? ஐரோப்பிய உடையைக் கழற்றிப் பார்ப்பன உடையைப் போட்டதற்குப் பெயர் மண்ணின் மயமா?

இந்த இடத்தில் பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவுவை நினைக்க வேண்டும். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டு, கர்நாடக இசைக் கீர்த்தனைதான் தமிழ்க் கிறிஸ்தவம் என்ற நினைப்பை அவர் உடைத்தார். நாட்டுப்புற மெட்டில் வழிபாடு எழுதினார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் வேகட்டும் என்பதை இறையியலாகவே பேசினார். சாப்பாட்டில்தானே சாதி முதலில் உட்காருகிறது?

ஆனால் பறை பீடத்துக்கு வந்ததாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் கொண்டாட முடியாது. எங்கள் ஊரில் பறையைப் போட்டு உடைத்தவர்கள் எங்கள் தாத்தாக்கள். சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று சொல்லி அடி வாங்கியவர்கள் அவர்கள். ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: “எங்கப்பன் வேண்டாம்னு எறிஞ்சத நீ எதுக்குத் தம்பி கோயிலுக்குள்ள தூக்கிட்டு வர்ற?” இதற்கு இறையியலிலிருந்து பதில் எடுத்துக் கொடுத்தால் போதாது. பறையை யார் அடிக்கிறார், யார் அடிக்கச் சொல்கிறார் என்பதில்தான் பதில் இருக்கிறது. ஊர்க்காரப் பையனும் சேர்ந்து அடிக்கட்டும், அதன் பிறகு பேசலாம்.

திருச்சபையால் சாதியை ஒன்றும் செய்ய முடியாது, காலம் கனியட்டும் என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் அனுப்பினார். தஞ்சையில் அதை எதிர்த்து நின்றவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே எதிர்த்தார். வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில், இரண்டு கால் போலப் பிரிந்து ஒரே பீடத்தில் சேரும் கட்டடம். சாதிக்கு ஒரு கால். 1910இல் அந்தத் தடுப்பை அகற்றினார்கள். வேளாளர் தரப்பு உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. மனசு வைத்தால் சுவர் விழும் என்பதற்கு இது சாட்சி. அந்த மோதல் பெரும்பாலும் வேளாளருக்கும் நாடாருக்கும் இடையிலானது, நாம் அதில் ஒரு தரப்பாகக்கூட இல்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நாம் தரப்பாக எழுந்தபோது என்ன நடந்தது? 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தாக்கிய தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். எறையூர் சனங்கள் கேட்டது இன்னொரு மதத்தை அல்ல என்பதைக் கவனியுங்கள். அவமானமில்லாமல் முழங்கால் போட ஓர் இடத்தைத்தான் கேட்டார்கள். அதைப் பிரிவினை என்றவர்கள், பிரித்தது யார் என்பதைப் பேசவே இல்லை. 2016இல் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டது. நல்லது. ஆவணம் சப்பரத்தைத் திருப்பியதா என்பதுதான் எங்கள் கேள்வி.

சபை இப்படி. அரசும் தன் பங்குக்கு விசுவாசத்துக்கு விலை வைத்திருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். மதத் தடையை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். இதற்கிடையில் நம் வீடுகளில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தோணி, பள்ளிக்கூடச் சான்றிதழில் முருகன். இதை வேஷம் என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. பிள்ளையின் படிப்புக்காகப் பெயரை விட்டுக்கொடுத்தும் பூசையை விட்டுக்கொடுக்காத தாயின் விசுவாசத்தை அளக்க இவர்களிடம் என்ன படி இருக்கிறது?

இங்கேதான் ‘கருக்கு’வின் மீது எனக்கு ஒரு குறை. வெளியேறியவரின் குரல் அதில் கூர்மையாகப் பதிவாகியிருக்கிறது. தங்கிவிட்டவர்களின் நியாயம் அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. பாட்டியும் அம்மாவும் வருகிறார்கள், உழைக்கிறார்கள், ஜெபிக்கிறார்கள். ஏன் ஜெபிக்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்க இடம் குறைவு. அவர்களின் பக்தியை ஏமாற்றப்பட்ட பக்தியாக மட்டுமே பார்க்கும் ஆபத்து அங்கே இருக்கிறது. 1994இல் வந்த ‘சங்கதி’யில் தனிமனுஷியின் ‘நான்’ பின்னால் நகர்ந்து தெருப் பெண்கள் பேச ஆரம்பிக்கிறார்கள் என்பது தற்செயலல்ல என்றே நினைக்கிறேன்.

எங்க பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். “ஒன்ன மதிக்காத கோயிலுக்கு ஏன் பாட்டி போற?” பாட்டி கோபப்பட்டது. “கோயிலு என்ன அவுக அப்பன் வீட்டுதா? கல்லு சுமந்தது எங்காத்தாடா. நான் போகலன்னா அவுகளுக்குத்தான் வசதி.” அதில் பயமும் இல்லை, கீழ்ப்படிதலும் இல்லை. உரிமை இருந்தது.

வெளியேறுவதும் தங்குவதும் அவரவர் முடிவு. பௌத்தத்துக்குப் போன தோழர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தங்கியிருப்பவர்களை அடிமைப் புத்தி என்று சொல்வதை நிறுத்துவோம். நமக்கு உடனடி வேலை ஒன்று இருக்கிறது. கல் சுமந்த கிழவிகளும் கோயில்பிள்ளைகளும் உபதேசியார்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஏன் இருந்தார்கள், எதைச் சகித்தார்கள், எதைச் சகிக்கவில்லை என்பதைக் கேட்டு எழுத வேண்டும். எங்க பாட்டி சொன்னதில் இந்த நாலு வரிதான் என்னிடம் மிச்சம். அது போன வருஷம் செத்துப்போனது. தனிக் கல்லறையில்தான் புதைத்தோம்.