பேசும் டாய்லெட்டும் கசங்கிய பக்கமும்

கேப்டன் அண்டர்பேன்ட்ஸ் புத்தகம் ஒன்று குழந்தைகள் கையில் புழங்கியதா, இல்லை அலமாரியிலேயே இருந்ததா என்று கண்டுபிடிப்பது சுலபம். புழங்கிய பிரதியில் சில பக்கங்களின் ஓரம் மட்டும் கசங்கி, சுருண்டு, சமயத்தில் கிழிந்தே போயிருக்கும். அலட்சியத்தால் வந்த சேதம் இல்லை அது. ஆசிரியர் படிக்கச் சொன்னபடி படித்ததால் வந்தது.

அந்தப் பக்கங்களுக்கு ஃப்ளிப்-ஓ-ராமா என்று பெயர். அடுத்தடுத்த இரண்டு தாள்களில், கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு படம். ஒன்றில் அடி விழப்போகிறது, இன்னொன்றில் விழுந்துவிட்டது. ஒரு கையால் புத்தகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேல் தாளை வேகமாக முன்னும் பின்னும் புரட்டினால் படம் அசையும். 'டமால் டுமீல்' சத்தமெல்லாம் நாமதான் கொடுத்துக்கணும்.

இந்தத் தொடரைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். மூத்திர ஜோக்கும் ஜட்டி ஜோக்கும் நிறைந்த குப்பை என்பது ஒரு கட்சி. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும் ஆட்சேபத்துக்குள்ளான புத்தகங்களின் பட்டியலில் 2012, 2013 இரண்டு ஆண்டும் இதற்குத்தான் முதலிடம். 'எதையோ ஒண்ணு படிக்கிறானே, விடுங்க' என்பது மற்ற கட்சி. ரெண்டு பேருமே புத்தகத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிறதில்லை. என் கணக்கில் இது ஜட்டியைப் பற்றிய தொடரே இல்லை, புத்தகம் பண்ணுவதைப் பற்றிய தொடர்.

1999ல் வந்த இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்வோம். பேசும் டாய்லெட்டுகள் பள்ளியைத் தாக்கும் கதை. ஜார்ஜ், ஹெரால்ட் என்று ரெண்டு வாண்டுகள். வகுப்பில் சும்மா உட்கார முடியாமல் சொந்தமாகக் காமிக்ஸ் வரைந்து பள்ளியில் விற்கிறவர்கள். டாய்லெட் அரக்கர்கள் வரும் காமிக்ஸ் ஒன்றை வரைந்து, பிரதி எடுக்கப் போகிறார்கள். ஜெராக்ஸ் மிஷின் மாதிரி இருக்கும் அது, வகுப்பு மேதாவிப் பையன் செய்த கருவி. படத்தில் இருப்பதை நிஜமாக்கிவிடும். அவ்வளவுதான், காகிதத்தில் இருந்த டாய்லெட்டுகள் எழுந்து வந்து ஆசிரியர்களை விழுங்க ஆரம்பிக்கின்றன. ஜட்டி ஹீரோவையே தலைவன் டாய்லெட் விழுங்கிவிடுகிறது. பையன்கள் என்ன செய்கிறார்கள்? திரும்ப உட்கார்ந்து வரைகிறார்கள். அடைப்பெடுக்கும் பம்ப்பை ஆயுதமாகப் பிடித்த ஒரு ரோபோவை வரைந்து, அதே மிஷினில் உயிர் கொடுத்து, அரக்கனை அடிக்கிறார்கள்.

அரக்கன் வந்ததும் பென்சிலில் இருந்து, ஒழிந்ததும் பென்சிலால். ஆசிரியர் டேவ் பில்கியின் பிள்ளைப்பருவம் தெரிந்தால் இது வெறும் கோமாளித்தனமாகத் தோன்றாது. ஏடிஹெச்டியும் டிஸ்லெக்ஸியாவும் இருந்த பையன் அவர். வகுப்பில் தொல்லை என்று வராந்தாவில் மேஜை போட்டு உட்கார வைத்தார்கள். அங்கே உட்கார்ந்து, இரண்டாம் வகுப்பிலேயே, வரைந்த ஆள்தான் இந்தக் கேப்டன். அந்தக் கண்ணோடு பார்த்தால் ஃப்ளிப்-ஓ-ராமா வேறு மாதிரி தெரிகிறது. கை சும்மா இருக்காத பிள்ளைக்குக் கதையே கொடுத்த வேலை அது. சண்டை அவன் கை புரட்டினால்தான் நடக்கும்.

'எழுத்துப்பிழை கற்றுக்கொடுக்கிறது' என்ற புகாரும் உண்டு. பையன்கள் வரைந்த காமிக்ஸ் பக்கங்களில் ஸ்பெல்லிங் ஏகத்துக்கும் தப்பு. மற்ற பக்கங்களில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அந்தப் பிழைகள் வாசகனிடம் சொல்வது ஒன்றே ஒன்று: தப்பில்லாமல் எழுத வரும்வரை கதை சொல்லக் காத்திருக்க வேண்டாம்.

2001ல் இதே தொடரின் விளையாட்டுப் புத்தகமாக எக்ஸ்ட்ரா க்ரஞ்சி புக் ஓ ஃபன் வந்தது. இங்கே எனக்குப் பாதி திருப்திதான். வழி கண்டுபிடி, வார்த்தை தேடு வகைப் பக்கங்கள் எந்த விளையாட்டுப் புத்தகத்திலும் கிடைப்பவை. மேலே ஜட்டி ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். விடை ஏற்கெனவே ஆசிரியரிடம் இருக்கிறது. பிள்ளை அதைப் போய்த் தொட்டுவிட்டு வருகிறான். முடித்த பக்கத்துக்கு அப்புறம் மதிப்பில்லை. ஆனால் பாத்திரங்களை வரையும் முறையைப் படிப்படியாகக் காட்டும் பக்கங்களும், வார்த்தைகளை நிரப்பிக் காமிக்ஸை முடிக்கும் பக்கங்களும் அப்படியில்லை. புத்தகத்தை மூடிய பிறகும் கையில் ஏதோ மிஞ்சுகிறது. நல்ல விளையாட்டுப் புத்தகத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்.

குறைகளும் இருக்கின்றன. நாயகர்கள் பையன்கள், குறும்பும் அவர்களுடையது. பெண் பிள்ளைகளுக்கு இங்கே செய்ய வேலையே இல்லை. பெரியவர்கள் அநேகமாக எல்லாரும் கொடுமைக்காரர்கள் அல்லது மக்கு. கடைசிப் பாகங்களில் காலப்பயணச் சிக்கல் பெருத்து, வரைவது பின்னால் போய்விடுகிறது. 2015ல் பன்னிரண்டாம் பாகத்தோடு நிறுத்தியது நல்லதுதான்.

ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டால், இரண்டாம் பாகத்தைத் தாராளமாகக் கொடுங்கள் என்பேன். கூடவே, போன வருஷ நோட்டில் மிஞ்சின வெள்ளைத்தாளைக் கிழித்து, ஸ்டேப்ளர் அடித்துக் கொடுங்கள். பக்கம் கசங்கினால் திட்டாதீர்கள்.