குகையில் விழுவதைவிட வெளியே வருவதே கடினம்

குகைப் பயணம் எவ்வளவு ஆபத்தானது? கொடைக்கானல் குணா குகையில் 2006இல் குழிக்குள் விழுந்தவரை அவருடைய நண்பரே இறங்கி மீட்டார். அந்தச் சம்பவத்தை 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் பார்த்த பிறகு குமரி மாவட்டத்தின் கருங்கல் பக்கத்து இளைஞர்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. அடிபடும் வாய்ப்பை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. அடிபட்டவர் வெளியே வர எத்தனை நாள் ஆகும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கால்பந்து ஆட்டத்தில் கால் பிசகினால் சற்று நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். ஜெர்மனியின் ரீசெண்டிங் குகையில் 2014 ஜூன் 8 அன்று, ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், பாறை விழுந்து ஓர் ஆய்வாளரின் தலையில் அடிபட்டது. அவரை மேலே கொண்டுவர 11 நாள் ஆயிற்று; 700க்கும் மேற்பட்டோர் உழைத்தார்கள். அவர் பிழைத்தார்.

எவரெஸ்ட்டில் அடிவார முகாமைத் தாண்டி ஏறுபவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் இறக்கிறார். குகைக்கு அப்படியொரு விகிதம் சொல்வது கடினம். விபத்துகள் பதிவாகின்றன, எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தார்கள் என்பது பதிவாவதில்லை. விழுதல், கல் சரிதல், குளிர், திடீர் வெள்ளம் ஆகியவையே முக்கியக் காரணங்கள். நீர் நிறைந்த குகைக்குள் மூழ்கிச் செல்வதோ இதைவிடப் பலமடங்கு கடுமையான தனி விளையாட்டு. 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங்கில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் மீண்டார்கள். மீட்கச் சென்ற முன்னாள் கடற்படை வீரர் சமன் குனன் நீருக்கடியில் உயிரிழந்தார்.

மேகாலயாவில் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் லியாத் பிரா போன்ற குகைகளை அளக்கும் குழுக்கள், மழையில்லாத பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்துப் போகின்றன. தலைக்கவசம், ஆளுக்கு மூன்று விளக்கு, திரும்பும் நேரத்தை வெளியே ஒருவரிடம் சொல்லிவைப்பது ஆகியவை குகைப் பயணத்தின் அடிப்படை விதிகள். ஆபத்தைக் குறைப்பது இந்த ஒழுங்குதான்.

நம் குமரிக் கடற்கரைக்குப் போகிறவர்களிடம் அந்த ஒழுங்கு இல்லை. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே விடப்பட்டிருந்தது. உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் தொலைதூரப் புயலின் அலை திடீரென்று கரையேறுவதே கள்ளக்கடல் என்பது வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது.

குமரி மாவட்டப் பிள்ளைகளுக்குக் குகையைவிட அருகில் இருக்கும் ஆபத்து கடல்தான். நீச்சலையும் கடல் எச்சரிக்கையைப் புரிந்துகொள்வதையும் பள்ளி விளையாட்டு வேளையிலேயே கற்பிக்க வேண்டும். எச்சரிக்கை உள்ள நாட்களில் கரைக்குப் போகும் வழியிலேயே ஆள் நிறுத்தித் தடுக்க வேண்டும்.