மேடை கிடைத்தது, பீரியடு போனது

அரசுப் பள்ளிகளில் கலைக்கல்வி செத்துக்கொண்டிருக்கிறது என்று யாராவது வாய் திறந்தால், உடனே ஒரு பதில் தயாராக வருகிறது: ‘கலைத் திருவிழாவைப் பாருங்கள்.’ 2022-23இல் தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய விழா அது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள். வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா என்ற அறிவிப்பு வேறு.

விழாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மைக்கையே தொட்டறியாத பிள்ளை மேடையேறிப் பாடுகிறது. பறையும் கிராமிய ஆட்டமும் பள்ளி வளாகத்துக்குள் மரியாதையோடு வந்திருக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே தெரிந்த பிள்ளையைப் பொறுக்கி எடுக்கும் ஏற்பாடு. தெரியாத பிள்ளைக்கு யார், எந்த நேரத்தில் சொல்லித்தருவது? அதற்கு வகுப்பறையில் ஒரு பீரியடு வேண்டும். அந்தப் பீரியடுதான் காணாமல் போயிருக்கிறது.

மதுரை பழங்காநத்தம் பக்கம் பள்ளி விட்டு வரும் ஓர் ஒன்பதாம் வகுப்புப் பையனை நிறுத்திக் கேட்டால் விஷயம் விளங்கிவிடும். “டிராயிங் பீரியடா? அத மேத்ஸ் சார் வாங்கிக்கிருவாரு.” சுவரில் ஒட்டிய கால அட்டவணையில் ஓவியம் என்றுதான் இருக்கும், கரும்பலகையில் இருப்பது இயற்கணிதம். வாங்கிய பீரியடு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பத்தாம் வகுப்பில் நிலைமை இன்னும் மோசம். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்லிப் டெஸ்ட், சனிக்கிழமை ரிவிஷன். இசைக்கும் இதே கதிதான். கர்நாடக இசைப் பாடகர்கள் மதுரை மணி ஐயரும் மதுரை சோமுவும் பெயரோடு சுமந்த ஊர் இது. இங்கே ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இசையின் முதல் பாடமான சரளி வரிசை பள்ளியிலேயே கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

கணக்கு வாத்தியாரைத் திட்டிப் பயனில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஐந்து பாடம், 500 மதிப்பெண். அதில் கலைக்கு ஒன்றுகூட இல்லை. தேர்ச்சி விழுக்காடு சரிந்தால் தலைமையாசிரியருக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். ஓவிய வகுப்பு ஏன் நடக்கவில்லை என்று எந்த ஓலையும் வருவதில்லை. ரவுண்டானாவில் கட்டும் பிளெக்ஸிலும் மதிப்பெண்தான் சிரிக்கிறது.

ஆசிரியர் கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய். வேலை வாரத்துக்கு மூன்று அரைநாள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி அவர்கள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆக, பிள்ளைக்குக் கை படிந்து, கண் பழகி, இனி ஏதாவது செய்யலாம் என்கிற ஒன்பதாம் வகுப்பில், நிரந்தர ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியில் ஆளே கிடையாது. பதினான்கு வயதோடு கலை முடிந்துவிடும் என்று அரசே எழுதிக் கொடுத்தது போலத்தான். சம்பளம் பின்னால் 10,000, 12,500 என்று ஏறியது. பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டம் ஓயவில்லை. விழா மேடைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய மட்டும் இவர்களைத்தான் தேடுகிறார்கள்.

‘அப்படியானால் கலைக்கும் மதிப்பெண் வையுங்கள்’ என்பார்கள் சிலர். வேண்டவே வேண்டாம். அடுத்த ஜூனில் ஓவியத்துக்கும் கைடு வந்துவிடும், ஐந்து மதிப்பெண் மயில், பத்து மதிப்பெண் கோபுரம் என்று. கேரளத்தில் 1957 முதல் பள்ளிக் கலோத்சவம் நடக்கிறது. வென்றவர்களுக்குக் கருணை மதிப்பெண்ணும் உண்டு. விளைவு, காசு கொடுத்து வெளியில் பயிற்சி, தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு. விழா பெரிதாக வளர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆடை அலங்காரத்துக்கும் குருவுக்கும் செலவழிக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அதில் என்ன கிடைத்தது என்று அங்கேயே கேட்கிறார்கள்.

இங்கே யாரும் அதைக் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வெற்றியாளர் பட்டியலில் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் போடுகிறார்கள். கூடவே ஒரு கட்டம் சேர்க்கட்டும்: இந்தக் கலையை யாரிடம், எங்கே, எந்த நேரத்தில் கற்றாய்? அந்தக் கட்டத்தில் ‘பள்ளியில், ஓவியப் பீரியடில்’ என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று எண்ணி, அதையும் பட்டமளிப்பு மேடையிலேயே வாசிக்கட்டும்.