பிழையைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?

அன்னூர் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களில் நெய்து இறங்கிய துணியை விரித்துப் பார்ப்பது வழக்கம். பாவு இழை அறுந்த இடம், ஊடை விட்டுப்போன இடம், எண்ணெய்க் கறை ஆகியவற்றைக் கண்டு குறியிடுவார்கள். தறி ஓட்டியவரே தம் துணியைப் பார்த்தால் சில குறைகள் அவர் கண்ணில் படுவதில்லை. ஆகவே வேறொருவர் பார்ப்பதே நல்லது.

கணிப்பொறிக்கு எழுதப்படும் நிரலுக்கும் இதே முறை உண்டு. ஒருவர் எழுதிய நிரலை, அது பயனுக்கு வருமுன், உடன் பணிபுரியும் இன்னொருவர் வரி வரியாகப் படித்துக் குறிப்பு எழுதுகிறார். இதனைக் 'கோட் ரிவியூ' என்பர்; நாம் நிரல் மதிப்பாய்வு எனலாம். பயனுள்ள இந்த முறை இன்று பல இளைஞர்களுக்கு மனக்கசப்பைத் தருவது ஏன்? இத்துறையின் புகழ்பெற்ற நூல் ஒன்றைத் துணைக்கொண்டு இதனை ஆராய்வோம்.

ஒரு நிகழ்ச்சி

அன்னூரிலிருந்து சத்தி சாலையில் கோவில்பாளையம் வழியாகச் சரவணம்பட்டிக்குத் தினமும் பேருந்தில் செல்லும் இளைஞர் ஒருவரை நான் அறிவேன். பள்ளிக் கல்வி முழுவதும் தமிழ்வழியில் பயின்றவர். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த சில மாதங்களில், ஓர் ஆலையின் நாள் உற்பத்திக் கணக்கைப் போடும் நிரலை அவர் எழுதினார். அதைப் படித்தவர் வெளிநாட்டில் இருந்த ஒரு மூத்த பொறியாளர். வந்த குறிப்புகள் இருபத்தேழு. இங்கே ஓர் இடைவெளி அதிகம், இந்தப் பெயரை மாற்றுக, இந்தச் சொல்லில் எழுத்துப்பிழை என்பன போன்றவையே அவற்றுள் மிகுதி. ஒரு குறிப்பு மட்டும், "இது ஏன்?" என்று கேட்டது.

அந்தக் கேள்விக்குரிய வரி மிக முக்கியமானது. ஆலை ஓடாத நாளில் தறிகளின் எண்ணிக்கை பூஜ்யம் ஆகும். அன்றைய சராசரியைக் கணக்கிட்டால் பூஜ்யத்தால் வகுக்க நேரும். அதைத் தடுக்கவே நம் இளைஞர் அவ்வரியை எழுதியிருந்தார். ஆனால் கேள்வியைக் கண்டதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? "சரி" என்று பதில் எழுதி அந்த வரியை நீக்கிவிட்டார்! அடுத்து வந்த ஆலை விடுமுறை நாளில் நிரல் பாதியில் நின்றது.

"ஏன் விளக்கம் சொல்லவில்லை?" என்று அவரிடம் கேட்டேன். "இருபத்தாறு தப்புச் சொன்னவங்க, இருபத்தேழாவதும் தப்புன்னுதானுங்க சொல்றாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

இப்பதிலில் இரண்டு உண்மைகள் உள்ளன. முதலாவது, அற்பக் குறிப்புகளின் குவியலில் உயிரான கேள்வி புதைந்துபோயிற்று. இரண்டாவது, மொழி. கொங்கு நாட்டில் "இது ஏனுங்க?" என்றால் அது கேள்வி, "இது ஏன்?" என்று மொட்டையாகக் கேட்டால் அது அதட்டல். மூத்தவர் அதட்டினால் எதிர்த்துப் பேசாமல் சரி என்பதே நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் கற்பிக்கப்பட்ட பழக்கம். அந்த வெளிநாட்டுப் பொறியாளரோ, தெரிந்துகொள்ளவே கேட்டிருக்கலாம்.

வைன்பர்க்கின் நூல்

ஜெரால்டு வைன்பர்க் (1933–2018) என்னும் அமெரிக்கர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியவர், மனிதனை விண்வெளிக்கு அனுப்பிய மெர்குரித் திட்டத்தின் கணிப்பொறிப் பணியில் பங்குகொண்டவர். 1971இல் அவர் வெளியிட்ட நூல் 'தி சைக்காலஜி ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்', அதாவது கணிப்பொறி நிரலாக்கத்தின் உளவியல். கணிப்பொறி என்றால் இயந்திரத்தையே நினைத்த காலத்தில், அதற்கு நிரல் எழுதும் மனிதனைப் பற்றி எழுதப்பட்ட நூல் இது.

அதன் மையக் கருத்து 'தன்முனைப்பற்ற நிரலாக்கம்' என்பது. ஒருவன் தன் நிரலைத் தன்னுடைய ஓர் அங்கமாகவே கருதினால், அதில் பிழை இருப்பதை அவன் மனம் ஏற்காது. பிழையைத் தேடவும் செய்யாது. ஆகவே நிரல் வேறு, தான் வேறு என்று அவன் பழக வேண்டும். மாபெரும் கணித மேதையான வான் நாய்மனே தம் நிரல்களைப் பிறரிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னார் என்று வைன்பர்க் எடுத்துக்காட்டுகிறார். இன்னொருவருடைய நிரலில், வெறும் 13 கட்டளைகளுக்குள் 17 பிழைகளை உடன் பணிபுரிந்த பெண்மணி கண்டுபிடித்தாராம். எழுதியவர் கோபிக்கவில்லை, அந்த வேடிக்கையை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்!

மதிப்பாய்வு எத்துணைத் தேவையானது என்பதில் ஐயமில்லை. 2014இல் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்னும் பிழையைப் பாருங்கள். இணையத்தில் இரகசியம் காக்கப் பயன்படும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' நிரலில், வரும் செய்தி தன் நீளமாகச் சொல்லும் எண் உண்மைதானா என்று சரிபார்க்கும் சோதனை விடுபட்டிருந்தது. இதனால் ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை நினைவகச் செய்திகள் அந்நியர் கைக்குச் செல்ல முடிந்தது. அந்நிரலையும் இன்னொருவர் படித்துப் பார்த்தே ஏற்றிருந்தார். ஆக, படித்தால் மட்டும் போதாது. எதைப் படிக்கிறோம் என்பது முக்கியம்.

நூலின் குறை

வைன்பர்க்கின் கருத்து உயர்ந்தது, ஆனால் முழுமையானதன்று. அவர் காட்டும் குழுவில் அனைவரும் ஏறக்குறையச் சமமானவர்கள். ஒரே இடத்தில் முகம் பார்த்துப் பேசுபவர்கள். பதினேழு பிழைகளைக் கேட்டுச் சிரிக்க அம்மனிதரால் முடிந்தது. அவர் வேலைக்கு அதனால் ஆபத்தில்லை. புதிதாகச் சேர்ந்தவர், ஆங்கிலத்தில் தயங்குபவர், குரலும் முகமும் இல்லாத எழுத்துக் குறிப்பைப் பெறுபவர் எப்படிச் சிரிப்பார்? தன்முனைப்பை விடு என்று அவரிடம் சொல்வது, வாய் திறவாதே என்று சொல்வதாகவே முடியும். நம் இளைஞரிடம் இருந்தது தன்முனைப்பு அன்று, அச்சம். தன் நிரலுக்காக வாதாடும் துணிவு கொஞ்சம் இருந்திருந்தால் ஆலைக் கணக்கு பிழைத்திருக்கும்.

இது அன்னூர்க்காரரின் குறை மட்டுமன்று. கூகிள் நிறுவன மதிப்பாய்வுகளைப் பற்றி 2022இல் வெளிவந்த ஆய்வு, பெண்களும் ஆசிய வம்சாவளியினரும் கறுப்பினத்தவரும் வயதில் மூத்தோரும் மற்றவரைவிட அதிக எதிர்ப்பைச் சந்திப்பதாகக் காட்டியது. லினக்ஸ் நிரலின் தந்தையான லினஸ் டோர்வால்ட்ஸ், பிறர் நிரல்களைக் கடுஞ்சொற்களால் தாக்கியதற்காக 2018இல் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்துச் சில வாரம் ஒதுங்கியிருந்தார்.

அற்பக் குறிப்புகள் பெருகுவது ஏன் என்பதற்கு நார்த்கோட் பார்க்கின்சன் 1957இல் ஒரு கதை சொன்னார். ஒரு குழு, ஒரு கோடி பவுண்டு அணு உலைத் திட்டத்தை இரண்டரை நிமிடத்தில் ஏற்றுவிட்டு, சைக்கிள் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதித்ததாம்! அணு உலை யாருக்கும் புரியாது. கொட்டகை எல்லோருக்கும் புரியும். நிரலிலும் இடைவெளியைக் குறை சொல்வது எளிது. கணக்கைப் புரிந்துகொள்வது கடினம்.

செய்யத்தக்கவை

முதலில், அற்பமானவற்றை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். சந்தேகத்துக்குரிய வரிகளைச் சுட்டும் 'லின்ட்' என்னும் கருவி 1978இலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. 2009இல் அறிமுகமான 'கோ' மொழியுடன், இடைவெளிகளைத் தானே சீர்செய்யும் கருவியும் வந்தது. கருவி திருத்தினால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

இரண்டாவது, ஐ.பி.எம். பொறியாளர் மைக்கேல் ஃபேகன் 1976இல் வகுத்த விதியை மறக்கலாகாது. மதிப்பாய்வில் கண்ட பிழைகளை வைத்து எழுதியவரின் தகுதியை எடைபோடக்கூடாது என்றார் அவர். துணியில் கண்ட குறைக்கெல்லாம் கூலியைப் பிடித்தால், குறை குறையாது. குறையை மறைக்கும் திறமையே வளரும்.

மூன்றாவது, கேள்வியைக் கேள்வியாகவே எழுத வேண்டும். "இது ஏன்?" என்பதற்குப் பதிலாக, "ஆலை ஓடாத நாளுக்காகவா இந்த வரி? எனக்குப் புரியவில்லை, விளக்குங்கள்" என்று எழுத அரை நிமிடம் ஆகும். நிரல் நின்ற அன்று வீணான நேரமோ ஒரு முழு நாள்!

நம் இளைஞர் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். "ஏன்" என்ற குறிப்பு வந்தால், வரியை நீக்குமுன் அதன் காரணத்தை இரண்டு வாக்கியத்தில் எழுதி அனுப்புகிறார். அவருடைய ஆங்கிலத்தில் இன்னும் பிழைகள் உண்டு. ஆனால் பூஜ்யத்தால் வகுக்கும் பிழை இல்லை.