சரிந்து எழும் ஒரு கோடு

பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நிற்கும் சூலூர்பேட்டை ரயிலில் ரசிக்க என்ன இருக்கிறது? எனக்குச் செல்பேசியில் ஒரு வரைபடம் போதும். ‘3சி 120’, ரிஷப ராசிப் பக்கம் சுமார் 45 கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் ரேடியோ காலக்சி. அதன் எக்ஸ்-கதிர் வெளிச்சம் ஏறி இறங்குவதைப் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் மெல்லிய செங்குத்துக் கோடு: இவ்வளவு பிழை இருக்கலாம் என்ற ஒப்புதல். அந்த நேர்மை பிடிக்கும்.

வெளிச்சம் சட்டென்று சரியும். சில வாரம் கழித்து, காலக்சியின் மையத்திலிருந்து பீறிடும் தாரையில் பிரகாசமான முடிச்சொன்று கிளம்பி ஓடுவதை ரேடியோ தொலைநோக்கிகள் காட்டும். வானியலாளர் ஆலன் மார்ஷரின் குழு 2002இல் இதை வெளியிட்டது. மையத்தில் உள்ள கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டின் உள்பகுதி உள்ளே விழ, கொஞ்சம் வெளியே தெறிக்கிறதாம். உண்ட பின் ஏப்பம் மாதிரி!

ஒரே நாளில் வெளிச்சம் வெகுவாக மாறினால், ஒளிரும் இடத்தின் அகலம் ஏறக்குறைய 2,600 கோடி கிலோமீட்டரை மிஞ்சாது. ஒளி ஒரு நாளில் கடக்கும் தூரம் அவ்வளவுதான்.

எக்ஸ்-கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. அதற்காகவே 2015 செப்டம்பர் 28 அன்று, சூலூர்பேட்டையை அடுத்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் விண்தொலைநோக்கி ஏறியது. அதன் தரவுகள் பொதுவில் கிடைக்கின்றன. இயற்பியல் படிக்கும் பிள்ளைகளே, அவற்றை இறக்கி ஒரு கோடாவது வரைந்து பாருங்கள்.